கானாவும் ராக் இசையும்: சென்னை மேற்குப் புறநகர்ப் பின்னணியில் ஓர் இசை உறவு

ஆய்வுச் சுருக்கம்

நாட்டார் இசைக்கும் ராக் இசைக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் ‘தாக்கம்’ என்னும் ஒரு சொல்லால் விளக்கப்படுகிறது. யார் கொடுத்தார், யார் பெயர் பெற்றார் என்னும் வினாக்களை அச்சொல் மறைத்துவிடுகிறது. 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை முன்வைத்து அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கானா, ராக் இசை, பறை, சட்டி, மேற்குப் புறநகர், படைப்புரிமை.

முன்னுரை

அமெரிக்க நாட்டார் பாடகர் உட்டி கத்ரியைத் தம் முன்னோடியாகக் கொண்ட பாப் டிலன், 1962இல் வெளியான தமது முதல் இசைத்தட்டில் கத்ரிக்கெனவே ஒரு பாடலைப் பாடினார். அதே தட்டில் ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்னும் மரபுப் பாடலையும், நியூயார்க் பாடகர் டேவ் வான் ராங்க் அமைத்திருந்த முறையில் பதிவு செய்தார். 1964இல் இங்கிலாந்தின் ‘தி அனிமல்ஸ்’ குழு அப்பாடலை மின்கிதாருடன் பாடிப் பெரும் புகழ் பெற்றது. 1965இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் டிலனே மின்கிதாரை ஏந்தினார். இவ்வாறு இரு மரபுகளும் ஒன்றையொன்று மாற்றின. எனினும் ‘தி அனிமல்ஸ்’ தட்டில் பாடலமைப்புக்கான உரிமை அக்குழுவின் ஆலன் பிரைஸ் ஒருவர் பெயரிலேயே அச்சிடப்பட்டது. பலர் வாய்வழி வளர்ந்த பாடல் தட்டில் ஏறும்போது ஒருவர் பெயருக்குள் சுருங்குவதை இது காட்டுகிறது. தமிழ்ச் சூழலில் இச்சிக்கல் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பது அடுத்து நோக்கத்தக்கது.

புறநகரும் கானாவும்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டித் தடம் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் ஆகியவை அத்தடத்தில் அமைந்த ஊர்களாகும். இங்குக் கருதப்படும் குழுவின் வரலாற்றிலும் இத்தடத்தின் ஊர்கள் இடம்பெறுகின்றன. அதனை உருவாக்கிய இயக்குநர் பா. இரஞ்சித் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவர். பாடகி இசைவாணி இராயபுரத்தையும், பாடலாசிரியரும் சொல்லிசைக் கலைஞருமான அறிவு அரக்கோணத்தையும் சேர்ந்தவர்கள்.

தொழிற்பேட்டையும் வயல்வெளியும் அருகருகே நிலவிய மேற்குப் புறநகரை நகரமென்றோ சிற்றூரென்றோ வரையறுத்துவிட இயலாது. இத்தகைய புறநகர் இளைஞரின் வாழ்வைச் சொன்ன இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’ (2012), சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலாவின் குரலைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது.

கானா, வட சென்னை உழைக்கும் மக்களின் பாடல் வகை. இறந்தவர் வீட்டில் பாடப்படும் மரண கானா அதன் முதன்மையான வடிவங்களுள் ஒன்று. சூழலுக்கேற்ப அடிகளை நீட்டவும் குறுக்கவும் புதிதாகக் கட்டவும் பாடுபவருக்கு உரிமை உண்டு. தாளக்காரர் பாடுபவரைப் பின்தொடர்வார். ராக் குழுவிலோ டிரம்ஸும் பேஸ் கிதாரும் தாளத்தை வரையறுக்க, பாடகர் அதற்குள் இயங்குவார். ஆகவே இவ்விரண்டும் இணையும் இடத்தில் எழும் முதல் வினா, தாளம் யார் கையில் உள்ளது என்பதேயாகும்.

ஒரே மேடை

இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘குரங்கன்’ இசைக்குழுவைச் சேர்ந்த டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து இக்குழுவை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கமே குழுவின் பெயருக்கு மூலம். 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது.

பறை, சட்டி, கட்டை மோளம் ஆகியவை டிரம்ஸ், மின்கிதார் ஆகியவற்றோடு ஒரே மேடையில் ஒலித்தன. திரையிசையில் நாட்டார் தாளம் பெரும்பாலும் இசையமைப்பாளர் ஒருவர் பெயரின்கீழ் வெளிவரும். இங்கோ சட்டி இசைப்பவரும் கிதார் இசைப்பவரும் குழுவின் உறுப்பினர் என்னும் ஒரே தகுதியில் நின்றனர். இறப்பு வீட்டோடு பிணைத்துப் பார்க்கப்பட்டு, அதனாலேயே இழிவு சுமத்தப்பட்ட கருவிகள் அரங்கின் நடுவே வைக்கப்பட்டன.

கொடுக்கல்வாங்கல் இருவழியிலும் நிகழ்ந்தது. கானாவுக்கு ராக் இசை குழுப்பாடல் வடிவத்தையும், ஒலிபெருக்கத்தின் வலிமையையும், எதிர்ப்பிசை என்னும் உலகளாவிய அடையாளத்தையும் அளித்தது. கானாவோ சென்னைப் பேச்சுவழக்கையும், துயரத்தையும் எள்ளலையும் ஒரே மூச்சில் சொல்லும் முறையையும் ராக் இசைக்கு வழங்கியது. இடஒதுக்கீட்டை விளக்கும் ‘கோட்டா’ பாடல் இவ்விணைவுக்குத் தக்க சான்று. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவில் இசைவாணி பெற்ற இடம் மரபினுள்ளும் மாற்றம் விளைத்தது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

பெயரும் உரிமையும்

மேடையில் கிடைத்த சமநிலை சந்தையிலும் தொடரும் என்பதற்கு உறுதியில்லை. 2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலில் ஒப்பாரி மரபும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தலைமுறையின் நினைவும் கலந்துள்ளன. அதனை எழுதித் தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. அப்பாடலின் வெற்றியைப் பேசிய இசை இதழொன்றின் அட்டைப்படத்தில் அவர் இடம்பெறாதது அதே ஆண்டில் பொதுவெளி விவாதமாயிற்று. 1964ஆம் ஆண்டுத் தட்டில் ஒரே பெயர் அச்சானபோது எழுந்த வினா, வேறு வடிவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

முடிவுரை

இசை மரபுகளின் உறவை மதிப்பிடத் ‘தாக்கம்’ என்னும் சொல் போதாது. தாளத்தை நடத்துபவர் யார், பதிவில் நிலைக்கும் பெயர் எவருடையது என்னும் இரு வினாக்களும் உடன் கேட்கப்பட வேண்டும். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ நாட்டார் கலைஞரை இசை மூலமாக மட்டும் கொள்ளாமல், இசைஞராகவே மேடையேற்றியது. அதன் தனிச்சிறப்பு அதுவே. இவ்வளவுகோல் ஆய்வாளருக்கும் பொருந்தும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கானா பாடுவோரையும் சட்டி, பறை இசைப்போரையும் பெயரற்ற ‘தகவலாளி’களாகக் குறிக்காமல், அவர்தம் இசைவுடன், படைப்பாளர் என்ற நிலையில் பெயர் சுட்டி ஆவணப்படுத்துவதே இத்துறையின் அடுத்த பணியாக அமைய வேண்டும்.