குற்றக் கதையின் முதல் இரண்டு நிமிடம்



திரைப்படம் எடுத்தல் பெருஞ்செல்வர்க்கே உரியதாய் இருந்த காலம் போயிற்று. கைப்பேசி ஒன்று இருந்தால், நான்கு மாணவர் கூடி ஒரு மாலைப் பொழுதில் படம் பிடித்துவிடுகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்புவது குற்றக் கதை. முழுக்கதையையும் எடுக்கப் பொருளும் பொழுதும் இன்மையால், தொடக்கத்து இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதனை அமைப்பது எங்ஙனம் என்பது பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

காண்போர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புவதே அத்தொடக்கத்தின் வேலை. விடை கூறுவது அன்று. 1954-ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, கதைத்தலைவன் வீழ்கிறான். சுட்ட கை யாருடையது? இவ்வொரு வினாவே நம்மை இறுதிவரை இருத்திவிடுகிறது.

இதனினும் நுட்பமானது, பிரிட்ஸ் லாங் என்பார் 1931-இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்' என்னும் படம். பள்ளி விட்டு வரும் சிறுமி ஒருத்தி தூண் ஒன்றின்மீது பந்தை எறிந்து விளையாடுகிறாள். கொலைகாரனைப் பிடிக்க உதவுவோர்க்கு 10,000 மார்க் பரிசு என்னும் அறிவிப்பு அத்தூணில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. வீட்டிலோ தாய் உணவு சமைத்துக் காத்திருக்கிறாள். கடிகாரம், ஆளில்லாப் படிக்கட்டு, மேசைமேல் வெறுந்தட்டு. பிறகு தானே உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். அவ்வளவே. ஒரு துளிக் குருதி இல்லை. குற்றவாளியின் முகமும் இல்லை.

இதனை அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். 2016-இல் நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில், ஆண்டு விழாவிற்காக மாணவர் இத்தகைய தொடக்கம் ஒன்றை எடுக்க முனைந்தனர். திருடன் வேடம் யாருக்கு என்ற பேச்சு எழுந்ததும், எல்லார் கண்களும் கடைசி வரிசையில் இருந்த ஒருவன்மேல் திரும்பின. கருத்த மேனியன், ஊர்க்கோடித் தெருவிலிருந்து வருபவன். "இவனுக்கு வேடமே வேண்டாம் ஐயா" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது, நானும் புன்னகைத்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் தந்தையார் என்னைத் திண்ணையில் அமர்த்திவிட்டு, தாம் நின்றவாறே சொன்னார்: "ஊரில் ஒரு சைக்கிள் காணாமற் போனாலும் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வருகிறார்கள் ஐயா. பள்ளிக்கூடத்திலுமா?" எனக்கு மறுமொழி வரவில்லை. பிழை என்னுடையது என்று மட்டும் சொல்லி மீண்டேன்.

பழைய திட்டத்தைக் கிழித்தெறிந்தோம். திருடனுக்கு முகமே வேண்டா என்று முடிவாயிற்று. இரண்டு நிமிடம் என்பது 120 நொடி. ஒரு துண்டுக்கு ஐந்து நொடி எனக் கொண்டால் 24 துண்டுகள். தாளில் 24 கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் காட்சியை முதலில் வரைந்துகொண்டோம். (வரையாமல் படம் பிடிக்கச் செல்வோர், பொழுது சாய்ந்தபின் ஒருவரையொருவர் நொந்துகொண்டு திரும்புவர்.) மாலை வெயில் நீண்டு கிடக்கும் தாழ்வாரம், பாதி கூட்டிய தரையில் கிடக்கும் துடைப்பம், காவலர் குடியாமல் வைத்த தேநீர், திறந்த பூட்டு ஒன்று கொண்டியில் ஆடிக்கொண்டிருத்தல். கைப்பேசியைக் கையில் ஏந்தாமல் நாற்காலிமேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம். பொம்மைத் துப்பாக்கி வேண்டும் என்றனர் சிலர், மறுத்துவிட்டேன். தெருவில் அதனைக் கண்டு அஞ்சி ஓடுவோர் நடிகர் அல்லர்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது உயிரில்லை. குறை ஒலியில் இருந்தது. தொலைவில் நிற்கும் கைப்பேசி, காற்றையும் காக்கையையும் பதிக்குமேயன்றிப் பூட்டின் அசைவைப் பதியாது. ஒலியைத் தனியே, பொருளின் அருகில் சென்று எடுத்துப் பின்னர்ப் படத்தோடு இணைத்தல் வேண்டும். அதற்குள் பள்ளிக்குத் திரும்பியிருந்த அந்த மாணவன், "நான் எடுத்து வருகிறேன்" என்றான். அன்று மாலை எல்லாரும் சென்றபின், ஆய்வகக் கதவருகே தனியே அமர்ந்து, கொண்டியில் பூட்டு உரசும் ஒலியைப் பதினொரு முறை பதித்தான். ஒன்பதாவதை எடுத்துக்கொண்டோம்.

விழா நாளில் படம் ஓடியபோது, அவ்வொலி எழுந்ததும் அரங்கு அடங்கிற்று. இறுதியில் 'ஒலி' என்னும் சொல்லின்கீழ் அவன் பெயர் தோன்றியது. அவன் தந்தையார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அமருமாறு நான் நாற்காலி இழுத்துப் போட்டேன், அவர் அமரவில்லை.