ஃபேன் சுற்றுகிறது, காற்று போகிறதா?

இங்கிலாந்தில் குளியலறைக்கு எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் மாட்ட வரும் எலெக்ட்ரீஷியன்களில் பலர், சுவிட்சைப் போட்டுச் சத்தம் வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுப்பானவர் ஒரு டிஷ்யூ தாளைக் கிரில்லில் ஒட்டிக் காட்டுவார். தாள் ஒட்டும்தான், இழுப்பு பேருக்கு இருந்தாலே ஒட்டும். எவ்வளவு காற்று வெளியே போகிறது என்று அது சொல்லாது.

கட்டட விதிகள் கேட்பது அந்த அளவை. விட்டுவிட்டு இயங்கும் ஃபேன் என்றால் குளியலறையில் வினாடிக்கு 15 லிட்டர், தனிக் கழிப்பறையில் 6, துணி துவைக்கும் அறையில் 30 லிட்டர் காற்று வெளியேற வேண்டும் என்கிறது ‘பார்ட் எஃப்’ வழிகாட்டி. சமையலறையில் அடுப்புக்கு மேலே வெளியேற்றும் ஹூட் இருந்தால் 30 போதும். ஃபேன் வேறு சுவரில் இருந்தால் 60. காலையும் மாலையும் தாளிக்கிற நம் வீடுகளுக்கு இந்த 60 ஒன்றும் ஆடம்பரமில்லை. காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் ஹூட் இந்தக் கணக்கில் சேராது.

பெட்டியில் மணிக்கு 85 கன மீட்டர் என்று போட்டிருக்கும். 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு 23 லிட்டருக்கு மேல் வரும், தாராளமாகத் தோன்றும். ஆனால் அது பொதுவாகக் குழாய் எதையும் பொருத்தாமல் எடுத்த அளவு. உட்கூரைக்கு மேல் ஏறிப் பார்த்தால் கதை வேறு. இழுத்துக் கட்டாத நெளிகுழாய் இரண்டு உத்தரக் கட்டைகளுக்கு (ஜாயிஸ்ட்) நடுவே தொய்ந்து கிடக்கும். தொய்வில் நீராவி குளிர்ந்து தண்ணீராய்த் தேங்கியிருக்கும். வெளிச்சுவர் மூடியின் இதழ்கள் பெயின்ட்டில் ஒட்டிப்போயிருக்கும். சாதாரண ஆக்சியல் ஃபேனுக்கு இத்தனை தடையைத் தள்ளித் திறக்கும் வலு கிடையாது. குழாய் நீளமென்றால் சென்ட்ரிஃப்யூகல் வகைதான் சரிவரும். கதவின் அடியில் தரைவிரிப்புக்கு மேல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டாலும் இதே கதிதான்: உள்ளே வர வழியில்லாத காற்று எங்கிருந்து வெளியே போகும்?

அளக்கும் கருவி வேன் அனிமாமீட்டர். கிரில்லை முழுக்க மூடும் ஒரு ஹூடை அதோடு சேர்த்துப் பிடிப்பார்கள். 100 மில்லிமீட்டர் வாய் உள்ள கருவியில் வினாடிக்கு 1.9 மீட்டர் வேகம் காட்டினால் ஏறத்தாழ 15 லிட்டர் போகிறது என்று பொருள். கருவியே கொஞ்சம் காற்றைத் தடுக்கும் என்பதால் அதற்கான திருத்தமும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கருவியை ஆண்டுக்கொரு முறை அளவு சரிபார்த்த சான்றிதழையும் தயங்காமல் கேட்கலாம். கேட்டதும் முகம் சுளிப்பவர் பெரும்பாலும் அளக்காதவர்.

புது வீடு என்றால் இந்தச் சோதனை சட்டக் கட்டாயம். முடிவைக் கடைசிச் சோதனை நடந்த 5 நாளுக்குள் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தர வேண்டும். வாங்கியவரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. பழைய வீட்டில் ஃபேன் மாட்டினாலும், அளந்த எண்ணை எழுதித் தந்த பிறகே மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஈரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரோச்டேல் நகரின் அவாப் இஷாக் சாட்சி. 2020 டிசம்பரில், இரண்டு வயதில் இறந்தான். நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 இல் மரண விசாரணை முடிவு சொன்னது. வீட்டில் காற்றோட்டம் போதவில்லை என்பதும் அதில் வந்தது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தப்பான அனுமானம் வைத்திருந்ததாக, வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதி நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. ‘நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்ற பதிலைக் கேட்டுப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. அப்படிச் சொன்னால், ஃபேனின் அளவு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் ‘அவாப் சட்டம்’ நடப்பில் இருக்கிறது. கணிசமான ஈரம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அவசரமென்றால் 24 மணி நேரம்தான். புகாரை மின்னஞ்சலில், தேதி போட்டு, படத்தோடு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எங்கும் நிற்காது. நிறுவனத்தின் புகார் நடைமுறையில் தீராவிட்டால் ஹவுசிங் ஆம்பட்ஸ்மன் இலவசமாக விசாரிக்கும். தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழைக்கலாம். வீடு வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கும் போகலாம். சொந்த வீட்டில் வேலை சரியில்லை என்றால், எலெக்ட்ரீஷியன் பதிவு செய்திருக்கும் என்ஐசிஇஐசி, நாப்பிட் போன்ற அமைப்பிடம் முறையிடலாம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் துணைக்கு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. காற்று வேண்டுமென்று பெரிய ஃபேனாகப் போட்டால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய வகை கேஸ் பாய்லர் வீட்டில் இருந்தால், பலமான ஃபேன் புகைபோக்கியின் புகையைத் திருப்பி உள்ளே இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஃபேன் ஓடும்போதே ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரைக் கொண்டு புகை திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும்.