உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி

நம் டோம்பிவிலி, கல்யாண் பக்கத்துத் தபேலாக்களில் மாடு வளர்க்கிறீர்களா? உண்ணியை அசட்டை செய்யாதீர்கள். சிலவகை உண்ணி கடித்தால் தைலேரியா என்ற கிருமி மாட்டின் உடலில் புகும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பெருகும். கடும் காய்ச்சல் வரும். நெறி கட்டும். இரத்தம் குறையும். கலப்பினப் பசு இறந்தும் போகலாம்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. அதை எப்படிச் செய்கிறார்கள்? கிருமி புகுந்த வெள்ளை அணுக்களை ஆய்வுக்கூடத்தில் சத்து நீரில் வளர்க்கிறார்கள். அணு இரண்டாகப் பிரியும்போது கிருமியும் பிரியும். மாதக்கணக்கில் வளர்த்தால் கிருமியின் வீரியம் குறையும். அதையே ஊசியாகப் போடுகிறார்கள். மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது.

ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் 'ரக்ஷாவேக்-டி' என்ற பெயரில் இதைத் தயாரித்தது. இது உயிருள்ள மருந்து. திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி போதாது. ஆகவே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். தொழுவச் சுவரின் இடுக்குகளைப் பூசி அடையுங்கள். உண்ணி அங்கேதான் ஒளியும்.