விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் ஏற்றும் லாரிக்காரருக்கு நடுவழியில் வண்டி இழுக்காமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. ஐஸ் கரைந்தால் சரக்கு போச்சு. அந்தப் பதற்றத்தில்தான் "சென்சார் போயிருச்சு, மாத்தணும்" என்ற பேச்சுக்கு உடனே தலையாட்டிவிடுகிறோம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி தயாராகும் டீசல் லாரிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தைச் சின்ன ஹோஸ்கள் வழியாக அளப்பதுதான் பிரஷர் சென்சார். வித்தியாசம் கூடினால் கரி சேர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டு, புகையின் சூட்டை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிக் கரியை எரிக்கிறது வண்டியின் கம்ப்யூட்டர். அளவு தவறினால் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும்.

நம் கரையில் சந்தேகம் முதலில் விழ வேண்டியது உப்பின் மேல். இரும்பை உப்புக்காற்று எப்படி அரிக்கிறது என்று சோதிக்க, காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி மண்டபத்தையே தேர்ந்தெடுத்தது. மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். ஹோஸில் கரியோ நீரோ அடைக்கும். சென்சார் நல்லதாகவே இருந்தாலும் அளவு தப்பாக வரும்.

எனவே உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள். புகைக்குழாய் ஆறிய பிறகு, சாவியைப் போட்டு, இன்ஜினை இயக்காமல் ஸ்கேனரில் பார்த்தால் அழுத்த வித்தியாசம் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் ஹோஸ்களைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் அடைப்பு ஹோஸில்தான். அப்போதும் அசையாவிட்டால் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அது வராத வண்டியில் புது சென்சாரைப் போட்டும் பயனில்லை. வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்து, சிக்னல் ஒயரும் அறுபடாமல் இருந்தால்தான் சென்சார்மீது பழி சொல்லலாம். இன்ஜின் ஓடும்போது அளவு கழித்தல் குறியில் வந்தால் இரண்டு ஹோஸ்களும் இடம் மாறியிருக்கக்கூடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அளவு மிக அதிகமாக ஏறினால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது; வடிகட்டியே அடைத்திருக்கிறது.

கரி எரியும் நேரத்தில் காய்ந்த புல், கருவேலஞ் சுள்ளி, பனையோலை கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டாம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் லோடு ஏற்றும் நம் ஆட்கள்தான்.

தேவையில்லாமல் பாகத்தை மாற்றிக் காசு வாங்கினாலோ, வாரண்டியை மறுத்தாலோ கேள்வி கேளுங்கள். அப்போது "லாரி வியாபார வண்டி, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று சிலர் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. பல லாரிகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்துவது கடினம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கம்பெனி சென்னையில் இருக்கிறதே என்று அலைய வேண்டாம். வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டு, ஃபால்ட் கோடு பிரின்ட், ஜி.எஸ்.டி. பில் மூன்றையும் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.