பழைய கணினியில் எதைத் தக்கவைக்கலாம், எதை மாற்ற வேண்டும்? கேமிங் கணினி அமைப்போருக்கான விளக்கம்

புதுடெல்லி: கணினி விளையாட்டுகளுக்கு ஏற்ற புதிய கணினியை அமைக்க விரும்புவோர், பழைய கணினியின் பாகங்களில் எவற்றை மீண்டும் பயன்படுத்தலாம் என்று கணக்கிட வேண்டிய காலம் இது. ரேம் எனப்படும் நினைவகத்தின் விலை 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் வெகுவாக உயர்ந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான தேவை பெருகியதால், நினைவகச் சிப் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியை அத்துறைக்குத் திருப்பி வருகின்றன. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் பெரும்பான்மையான நினைவகச் சிப்களைத் தயாரிக்கின்றன. இவற்றில் மைக்ரான், தனது 'குரூஷியல்' நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. இதன் விளைவாக, பழைய கணினியில் இருக்கும் 16 ஜிபி ரேமை எளிதில் ஒதுக்கிவிட முடியாத நிலை உருவாகியுள்ளது.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கணினி அமைப்பது நீண்டகால வழக்கம். ஆனால் பழைய பாகங்களையும் சேர்த்துக் கொள்ளும்போது, எது எதனுடன் பொருந்தும் என்பதை அறியாமல் பணத்தை இழப்போர் உண்டு. தவறான ஒரு கேபிளைப் பொருத்துவதால், பல ஆண்டுகளாகச் சேமித்த புகைப்படங்களும் ஆவணங்களும் அழியக்கூடும்.

தொடக்கம் எங்கே?

புதிய கணினி என்றதும் பலரும் முதலில் கிராபிக்ஸ் கார்டைத் தேர்வு செய்கின்றனர். பழைய பாகங்களைத் தக்கவைக்க எண்ணுவோர் முதலில் பார்க்க வேண்டியது ரேமின் வகையை. ஏனெனில் ரேம் மதர்போர்டையும், மதர்போர்டு பிராசசரையும் தீர்மானிக்கின்றன.

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு வகை ரேம்களுக்கும் 288 முனைகளே உள்ளன. எனினும் நடுவிலுள்ள வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பொருத்த இயலாது. ஏஎம்டி நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய ஏஎம்5 வகை மதர்போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். அதற்கு முந்தைய ஏஎம்4 வகை டிடிஆர்4 ரேமை ஏற்கும். இன்டெல் நிறுவனத்தின் 12-ஆம் தலைமுறை முதலான எல்ஜிஏ1700 வகையில், டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டுகளும் டிடிஆர்5 ஏற்கும் மதர்போர்டுகளும் தனித்தனியே விற்கப்படுகின்றன. பெட்டியின் மீதுள்ள எழுத்தைப் பார்த்து வாங்குவது அவசியம்.

அதாவது, வீட்டில் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இருந்தால், ஏஎம்4 அல்லது டிடிஆர்4 வகை எல்ஜிஏ1700 மதர்போர்டைத் தேர்வு செய்வதன் மூலம் ரேமுக்கான செலவைத் தவிர்க்கலாம். டிடிஆர்3 ரேம் உள்ள கணினிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. மடிக்கணினியின் ரேம் அளவில் சிறியது என்பதால் அதுவும் மேசைக் கணினிக்குப் பயன்படாது.

இரு உதாரணங்கள்

2018-இல் ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுடன் அமைக்கப்பட்ட கணினி ஒன்றை எடுத்துக் கொள்வோம். இதில் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால், அதே மதர்போர்டில் ரைசன் 5 5600 பிராசசரைப் பொருத்தலாம். ரேம், கேபினட், எஸ்எஸ்டி அனைத்தும் அப்படியே தொடரும். மீதமாகும் தொகையை கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவிடலாம்.

இதில் இரண்டு முன்னெச்சரிக்கைகள் தேவை. பயாஸ் புதுப்பிப்பைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். பழைய பயாஸ் புதிய பிராசசரை அடையாளம் காணாது. மேலும், புதுப்பிப்பு நடைபெறும்போது மின்தடை ஏற்பட்டால் மதர்போர்டு இயங்காமல் போகும் அபாயம் உண்டு. மின்வெட்டு வழக்கமான பகுதிகளில் யுபிஎஸ் இணைப்பில் இப்பணியைச் செய்வதே பாதுகாப்பானது.

இரண்டாவது உதாரணம், 2017-இல் வாங்கப்பட்ட இன்டெல் ஐ5 7400 பிராசசர் கொண்ட கணினி. அதன் மதர்போர்டு 8-ஆம் தலைமுறை பிராசசர்களை ஏற்காது. விண்டோஸ் 11 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிராசசர் பட்டியலிலும் ஐ5 7400 இடம்பெறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது குறிப்பிடத்தக்கது. எனவே இங்கு மதர்போர்டு, பிராசசர் இரண்டையும் மாற்ற வேண்டும். எனினும் அதிலிருக்கும் ரேம் டிடிஆர்4 வகையாக இருந்தால், ஐ5 12400எஃப் போன்ற பிராசசருடன் டிடிஆர்4 வகை மதர்போர்டை இணைத்து அந்த ரேமைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

ரேம் போதாதபோது, வேறு நிறுவனத்தின் துண்டு ஒன்றை வாங்கிச் சேர்ப்பது எப்போதும் பலன் தருவதில்லை. வேகம் மாறுபட்டால் அனைத்தும் குறைந்த வேகத்துக்கு இறங்கும். சில வேளைகளில் கணினி இயங்கவே மறுக்கும். 8 ஜிபி துண்டுகள் இரண்டைப் பொருத்துவது, 16 ஜிபி துண்டு ஒன்றைப் பொருத்துவதைவிட விளையாட்டுகளில் வேகமானது. சேர்த்த பின் 'மெம்டெஸ்ட்86' போன்ற மென்பொருளால் சோதிப்பது நல்லது.

எஸ்எம்பிஎஸ்: சிக்கனம் கூடாத இடம்

மின்சாரத்தைப் பிரித்து வழங்கும் எஸ்எம்பிஎஸ், கணினியில் அதிகம் புறக்கணிக்கப்படும் பாகம். இது பழுதாகும்போது பிற பாகங்களையும் பாதிக்கக்கூடும். இதன் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தாலும் காலத்தாலும் தேய்மானம் அடைகின்றன. தரமான எஸ்எம்பிஎஸ்களுக்கு நிறுவனங்கள் 5 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் அளிக்கின்றன. அந்தக் காலம் முடிந்திருந்தாலோ, கேபினட்டுடன் இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தாலோ, புதிய கிராபிக்ஸ் கார்டை அதனுடன் இணைக்காமல் இருப்பதே நல்லது.

தேவைப்படும் திறனைக் கணக்கிடுவது எளிது. ரைசன் 5 5600 பிராசசரின் மின் அளவு 65 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டுக்கு 145 வாட். மதர்போர்டு, விசிறிகள், வட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்து, திடீர் மின் ஏற்றத்துக்கு இடம் விட்டால், தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமானது. பிற்காலத்தில் பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 650 வாட் பொருத்தமாக இருக்கும்.

கேபிள்களைக் கழற்றி மாட்டும் வசதி கொண்ட மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ்களில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. ஒரு நிறுவனத்தின் கேபிள் மற்றொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் கச்சிதமாகப் பொருந்தலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளின் மின் வரிசைக்குப் பொதுத் தரநிலை கிடையாது. 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்றால், ஹார்டு டிஸ்க் நொடியில் எரிந்து போகும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்கள் அனைத்தையும் அகற்றி, புதியதுடன் வந்தவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

யுபிஎஸ் விஷயத்திலும் இதே கவனம் தேவை. வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ்களில் பல, 360 வாட் அளவே தாங்கும். விளையாட்டின்போது கணினியும் மானிட்டரும் அந்த அளவை நெருங்கினால், மின்தடை ஏற்பட்ட நொடியிலேயே யுபிஎஸ் நின்றுவிடக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டு: மானிட்டரே அளவுகோல்

கிராபிக்ஸ் கார்டின் தேவையை மானிட்டர் தீர்மானிக்கிறது. 1080பி மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி மானிட்டரில் சுமார் 36.9 லட்சம், 4கே மானிட்டரில் சுமார் 83 லட்சம். பழைய 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரைத் தக்கவைக்க முடிவு செய்தால், விலை உயர்ந்த கார்டின் பெரும்பகுதி ஆற்றல் பயனற்றுப் போகும்.

பிசிஐஇ இணைப்பு பின்னோக்கிய பொருத்தம் உடையது என்பதால், புதிய கார்டு பழைய மதர்போர்டிலும் இயங்கும். எனினும் கார்டு பயன்படுத்தும் பாதைகளின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 எட்டுப் பாதைகளையும், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதைகளையும் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில், பதினாறு பாதைகள் கொண்ட கார்டுக்கு இழப்பு குறைவு. நான்கு பாதைகளும் 4 ஜிபி நினைவகமும் மட்டுமே கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பழைய மதர்போர்டுகளில் வெளிப்படையாகவே தடுமாறும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' எனும் வசதி மதர்போர்டில் இருப்பது அவசியம். அது இல்லாத கணினியில் அவற்றின் வேகம் கணிசமாகக் குறையும்.

பழைய கார்டையே தொடர்வதற்கும் எல்லை உண்டு. 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வெளியான 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய விளையாட்டுகளுக்கு வன்பொருள் சார்ந்த ரே டிரேசிங் வசதி கட்டாயம். அவ்வசதி ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளில் இல்லை. அந்த வரிசைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக் கொண்டது. பழைய விளையாட்டுகளையே ஆடுவோருக்கு இதனால் உடனடிப் பாதிப்பு ஏதும் இல்லை.

பிற பாகங்கள்

கேபினட்: பொதுவான ஏடிஎக்ஸ் அளவிலான கேபினட் எத்தனை ஆண்டு பழையதாக இருப்பினும் பயன்படும். கிராபிக்ஸ் கார்டுகள் சில 300 மில்லிமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டவை என்பதால், உள்ளே உள்ள இடத்தை அளந்து பார்க்க வேண்டும். அலுவலகங்களில் பயன்படுத்தி விற்கப்படும் பிராண்டட் கணினிகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். அவற்றின் கேபினட்டில் புதிய பாகங்களைப் பொருத்துவது கடினம்.

கூலர்: ஏஎம்4 கூலர்களில் பல ஏஎம்5 மதர்போர்டுகளிலும் பொருந்தும். இன்டெல்லில் நிலைமை வேறு. எல்ஜிஏ1200 வரையிலான மதர்போர்டுகளில் 75 மில்லிமீட்டராக இருந்த துளை இடைவெளி, எல்ஜிஏ1700-இல் 78 மில்லிமீட்டராக மாறியது. பழைய கூலரைப் பொருத்தத் தனி இணைப்புச் சாதனம் தேவை. எவ்வகையாயினும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட வேண்டும்.

சேமிப்பகம்: சாட்டா எஸ்எஸ்டியின் வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பி. விளையாட்டுகளுக்கு அது போதுமானது. 'ஸ்டார்ஃபீல்ட்' போன்ற விளையாட்டுகள் எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே குறிப்பிடுகின்றன. பழைய ஹார்டு டிஸ்க்கை விளையாட்டுகளுக்குப் பயன்படுத்தாமல், திரைப்படங்கள் போன்ற கோப்புகளுக்கு ஒதுக்கலாம். அதற்கு முன் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மென்பொருளில் அதன் நிலையைச் சோதிப்பது நல்லது. 'எச்சரிக்கை' எனக் காட்டினால், முக்கியக் கோப்புகளை உடனே வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும்.

இயங்குதள உரிமம்: கணினியுடன் வந்த ஓஇஎம் வகை விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டது. மதர்போர்டை மாற்றினால் அது செல்லாது. தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றிக் கொள்ளலாம். இச்செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கணினிப் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று கடைக்காரர் கூறினாலும், உத்தரவாதம் கோரும்போது பில் கேட்கப்படலாம். பாகத்தின் வரிசை எண் பில்லில் இடம்பெறச் செய்வது நல்லது. ஒருவர் பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டை வாங்குவோர், அரை மணி நேரமாவது விளையாட்டில் இயக்கிப் பார்த்து, வெப்பநிலையையும் விசிறியின் ஒலியையும் கவனித்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

அனைத்துப் பாகங்களையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. தரமான எஸ்எம்பிஎஸ்ஸை முதலிலும், கிராபிக்ஸ் கார்டை அடுத்தும் வாங்கிப் பழைய கணினியிலேயே பொருத்தி ஆடிப் பார்க்கலாம். பிராசசர் முழுத் திறனில் இயங்க, கிராபிக்ஸ் கார்டு பாதித் திறனில் மட்டுமே இயங்குவதாகத் தெரிந்தால், பிராசசரை மாற்றும் நேரம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். அவ்வாறு தெரியாதவரை அந்தச் செலவைத் தள்ளி வைக்கலாம்.

கழிக்கப்படும் பாகங்களைக் குப்பையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் அவற்றைச் சேர்ப்பிக்க வேண்டும். பழைய எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றைக் கைமாற்றும் முன், தரவுகளை முழுமையாக அழிப்பது உரிமையாளரின் பொறுப்பு. கோப்புகளை டெலீட் செய்வதால் மட்டும் அவை அழிந்துவிடுவதில்லை.