பிறப்பே குற்றமா?

1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம் கண்ட ஊர் தூத்துக்குடி. உரிமை கேட்டவனை ஆள்வோர் குற்றவாளி என்பர். இதைத் துறைமுகத் தோழருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால், பேசவே தெரியாத பச்சிளம் பிள்ளைக்கும், பிறந்த காரணத்தாலேயே அந்த முத்திரை விழுந்த கதையைக் கேளுங்கள், தோழர்களே!

1871-இல் வெள்ளையன் செய்தான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை கேட்டது. ஊர்விட்டு ஊர் போகத் தடை போட்டது. 6 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் அதிகாரம் தந்தது! 1920 ஏப்ரல் 3 அன்று, பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். துப்பாக்கி பேசிற்று. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

கனடாவிலும் இக்கொடுமை உண்டு. 1,50,000-க்கும் மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைபட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை! ஆயினும் 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்திலே எழுந்து மன்னிப்புக் கேட்டார். 2015-இல் உண்மை ஆணையம் 94 பரிந்துரைகளை அடுக்கிற்று.

இங்கே 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் சட்டம் ஒழிந்தது. சந்தேகம் ஒழிந்ததா? சட்டப் புத்தகத்தில் அடித்த எழுத்து, காவல் நிலையத்தின் கண்ணில் அழியவில்லையே!

பள்ளி நமக்குப் பகையல்ல. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்துத் தலைநிமிர்ந்தோர் பலர். பகை, பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பறிக்கத் துணிந்த அதிகாரமே!

புண்ணை மூடினால் புரையோடும், கழுவினால்தான் ஆறும். பாடநூலில் உண்மை ஏறட்டும். ஆட்சிப் பீடம் வாய் திறந்து வருத்தம் சொல்லட்டும். அதன் பிறகே கைகுலுக்கல்!