0.994 சொல்லாதது

சென்ற வாரம் ஓர் அளவின் சராசரியையும், ஒவ்வொரு மதிப்பும் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் பார்த்தோம். இந்த வாரம் இரண்டு அளவுகள். ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா, எவ்வளவு நெருக்கமாக? இதைத்தான் புள்ளியியலில் ஒட்டுறவு என்கிறோம். 1888-ல் பிரான்சிஸ் கால்டன் இதை அளக்க வழி தேடினார். 1896-ல் கார்ல் பியர்சன் அதைக் கணிதமாக வகுத்தார். நம் பாடப்புத்தகத்தில் இருப்பது அவர் பெயரால் வழங்கும் ஒட்டுறவுக் கெழு.

பள்ளி ஆய்வகத்தின் தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளம் 20, 40, 60, 80, 100 செ.மீ. சூத்திரப்படி வரவேண்டிய அலைவு நேரம் முறையே 0.90, 1.27, 1.55, 1.80, 2.01 விநாடி. ஸ்டாப் வாட்சும் கையுமாக அளந்தால் சற்று முன்பின் இருக்கும். கணக்குக்கு இவை போதும்.

நீளத்தின் சராசரி 60. விலக்கங்கள் -40, -20, 0, 20, 40. நேரத்தின் சராசரி 1.506. விலக்கங்கள் -0.606, -0.236, 0.044, 0.294, 0.504. இப்போது ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுங்கள்: 55.00 வரும். ஏன் பெருக்குகிறோம் என்பதை மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டும். இரண்டு மதிப்புகளும் தத்தம் சராசரிக்கு ஒரே பக்கம் விலகினால் பெருக்கல் பலன் நேர்மம். எதிரெதிர்ப் பக்கம் விலகினால் எதிர்மம். ஆகவே கூட்டுத்தொகையின் குறியே இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்று சொல்லிவிடும்.

ஆனால் 55 என்பது செ.மீ.யும் விநாடியும் கலந்த எண். நீளத்தை மீட்டரில் எழுதினால் அதுவே 0.55 ஆகிவிடும். அதனால் விலக்கங்களின் வர்க்கங்களைத் தனித்தனியே கூட்டுகிறோம்: 4000, 0.7653. இவற்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் 55.33. 55-ஐ இதனால் வகுத்தால் 0.994. அலகுகள் அடிபட்டுப் போகின்றன. விடை எப்போதும் -1-க்கும் +1-க்கும் இடையில்தான் நிற்கும்.

‘மிக வலுவான நேர் ஒட்டுறவு’ என்று எழுதிப் பதிவேட்டை மூடிவிடுவது வழக்கம். அறிவியல் வகுப்பு அங்கே முடியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீளமும் நேரமும் நேர்கோட்டில் செல்லவே இல்லை! 20 செ.மீ. நான்கு மடங்காகி 80 ஆனபோது, 0.90 விநாடி இரண்டே மடங்காகி 1.80 ஆனது. ஐந்து புள்ளிகளுக்கும் பொருத்தமான நேர்கோடு ஒன்றை வரைந்து பின்னோக்கி நீட்டினால், நீளமே இல்லாத ஊசலுக்கும் ஓர் அலைவுக்கு 0.68 விநாடி ஆகும் என்று வரும். வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்தால் வளைவு கண்ணுக்கே தெரியும். நேரத்தை வர்க்கப்படுத்தி மறுபடி வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமரும். கோடு பூஜ்யம் வழியாகவே போகும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்துதான் புவியீர்ப்பு முடுக்கத்தையே கணக்கிடுகிறோம். 0.994-ஓடு நிறுத்தியிருந்தால் இயற்பியலே கைநழுவியிருக்கும்.

எதிர்ப்புறமும் உண்டு. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறிகிறோம். முடுக்கம் 10 என்று கொள்வோம். 0, 1, 2, 3, 4 விநாடிகளில் உயரம் 0, 15, 20, 15, 0 மீட்டர். கெழுவைப் போட்டுப் பாருங்கள்: சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் நேரத்தைச் சொன்னால் உயரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கெழு தேடுவது நேர்கோட்டை மட்டுமே. வளைந்த உறவு அதன் பார்வையில் படாது.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-ல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கெழு ஏறத்தாழ 0.816, சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்தால் ஒன்று சிதறிய மேகம், ஒன்று சீரான வளைவு, ஒன்று விலகிய ஒரே புள்ளியால் கெட்டுப்போன நேர்கோடு. கடைசியில், தொலைவில் நிற்கும் ஒற்றைப் புள்ளியை எடுத்துவிட்டால் கணக்கிட ஒட்டுறவே இல்லை.

காரணம் எது என்பதும் கெழுவுக்குத் தெரியாது. ஊசலில் நமக்கு அது தெரிவது, குண்டை மாற்றாமல் நீளத்தை மட்டும் நாமே மாற்றியதால்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன் வரைபடத்தாளைக் கொடுங்கள். புள்ளிகள் எப்படிப் போகின்றன என்று பிள்ளைகள் தங்கள் சொற்களில் ஒரு வரி எழுதட்டும். அந்த வரிக்கும் மதிப்பெண் போடுங்கள்.

(தொடரும்)